உள்ளே போன பலகை

நிறுத்தக் கூடாது, திருப்பி இழுக்கக் கூடாது. லிங்கம் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அதுதான், இத்தனை நாளில் எனக்கு மனப்பாடமான ஒரே பாடமும் அதுதான். பலகையின் முனையை இந்த ரப்பர் பட்டையில் வைத்தால் பட்டை அதை இழுத்துக்கொண்டுபோய் உருளைக்கு அடியில் விடும், உருளையில் உப்புத்தாள் சுற்றியிருக்கிறது, உருளை சுழன்றுகொண்டே இருக்கும், பலகை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நகர்ந்தால் ஒரு காகிதக் கனம்தான் தேயும், நின்றால் நின்ற இடத்தில் உருளை பறித்துவிடும், பலகையின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். "உள்ள போயிட்டா போயிட்டதுதான் அத்தான். அது நம்ம கையில இல்ல. வெளிய வந்த பெறவு பாத்துக்கிடலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் மனைவியின் தம்பி எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான், சோறு போடும்போதும் சிரிப்பான், நான் பலகையைக் கெடுக்கும்போதும் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் பொய் இல்லை என்பதுதான் எனக்குச் சிரமம். கோபப்படுகிற ஒருவனிடமிருந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். சிரிக்கிறவனிடமிருந்து எப்படிக் கிளம்புவது, எந்த வாசல் வழியாக, என்ன சொல்லி.

இப்போது என் காதுகளின் மேல் இரண்டு சிவப்புக் கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கின்றன. கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடித் துணி. மிஷினை இன்னும் போடவில்லை, ஆனால் கிண்ணங்களை மாட்டியதுமே பட்டறை தூரப் போய்விட்டது. வாசலில் செங்கோட்டை பஸ் ஓசையில்லாமல் போகிறது. பாலிஷ் போடுகிற லூர்து அங்கே வாயைத் திறந்து மூடுகிறார். கேட்பது என் மூச்சு மட்டும்தான். மூச்சு இவ்வளவு பெரிதாகவா போய்வருகிறது, ஐம்பது வயது தாண்டும்வரை எனக்கே தெரியாமல் இப்படித்தான் போய்வந்ததா, பக்கத்தில் படுத்தவளுக்கு இது கேட்டுக்கொண்டே இருந்திருக்குமா. எதிரே இரண்டு முக்காலிகளின் மேல் பலகை கிடக்கிறது. புனலூரில் ஒரு வீட்டுக்காரர் சொல்லிவைத்த ஊஞ்சல் பலகை, பலா, ஒட்டுப்போடாத ஒரே பலகை. இந்த அகலத்தில் ஒட்டில்லாமல் பலா கிடைக்க லிங்கம் எங்கெங்கோ அலைந்திருக்கிறான், கிடைத்த அன்று அதைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினான். அதை இன்று என்னிடம் விட்டிருக்கிறான். தனியாக. "நான் முன்னால ஆள்கூடப் பேசிட்டு இருக்கேன், நீங்க விடுங்கத்தான், ஒங்களால முடியும்." முடியும் என்று அவனுக்கு யார் சொன்னது. நான் சொல்லவில்லை. இதுவரை துண்டுப் பலகைகள், அலமாரித் தட்டுகள், கெட்டால் வேறு எடுத்துக்கொள்ளலாம். இது கெட்டால் வேறு இல்லை.

பலகையின் மேல் பென்சிலால் கிறுக்க வேண்டும். அது இங்கே வழக்கம். முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். பலகை உள்ளே போய் வரும்போது மேட்டில் இருந்த கோடுகள் போயிருக்கும், பள்ளத்தில் இருந்தவை அப்படியே நிற்கும், எல்லாக் கோடும் போய்விட்டால் பலகை சமம். லிங்கம் கிறுக்கினால் கோழி கிளறியதுபோல இருக்கும். முதன்முதலில் பென்சிலை என்னிடம் கொடுத்தபோது கை என்னைக் கேட்கவில்லை, பலகையின் வலது கீழ்மூலைக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டது. ஏகாம்பரம் என்பதற்கு ஒரு ஏ, ஒரு சுழி, நீண்ட ஓர் இழுப்பு, இழுப்பின் கீழே இரண்டு புள்ளி. லூர்துதான் பார்த்தார். என்னைவிடப் பெரியவர், முழங்கை வரை செம்பு நிறம் ஏறிய கைகள். "ஏ லிங்கம், ஓடியா, ஓடியா. சார் மரத்துக்குப் பாஸ் போட்டுட்டாருடே. இனி ஒரு பய கொற சொல்ல முடியாது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "கையெழுத்தே போடுங்கத்தான், பாக்க நல்லாத்தான இருக்கு" என்றான் லிங்கம். அன்றிலிருந்து பலகை முழுக்கக் கையெழுத்தாகப் போடுகிறேன். முதலில் விளையாட்டுக்கு, பிறகு வீம்புக்கு, இப்போது எதற்கென்று தெரியவில்லை. அவையெல்லாம் உருளைக்கு அடியில் போய் மஞ்சள் தூளாகிக் குழாயில் ஏறிச் சாக்கில் விழுகின்றன. சாக்கைக் கோழிப்பண்ணைக்காரர் எடுத்துப்போகிறார். என் கையெழுத்தின் மேல் எங்கேயோ கோழிகள் நடந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பலகையிலும் போட்டுவிட்டேன், முனையிலிருந்து முனைவரை. இனிப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை.

அம்பத்தூரில் என் கையெழுத்து இப்படிப் போகாது. தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி, நான் தரம் பார்க்கிற பிரிவு, ஒவ்வொரு பம்பின் கழுத்திலும் கம்பியில் ஓர் அட்டை தொங்கும், அட்டையில் என் கையெழுத்து இல்லாமல் பம்பு வாசலைத் தாண்டாது. எங்கெங்கோ கிணறுகளில், மாடி வீட்டுத் தொட்டிகளுக்குக் கீழே, இப்போதும் அவை தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். அட்டைகள் இருக்காது. பம்பை மாட்டுகிறவன் முதல் காரியமாக அட்டையைத்தான் பிய்த்தெறிவான். அப்படியானால் சாக்குத் தூளும் அதுவும் ஒன்றுதானே. ஒன்றில்லை. எப்படி ஒன்றில்லை என்று ஒருநாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அங்கே சுவரில் பெரிய மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தார்கள்: சந்தேகம் வந்தால் நிறுத்து. நான் கையை உயர்த்தினால் வரிசை முழுவதும் நிற்கும், மேனேஜர் ஓடிவருவார், நான் சரி என்று தலையாட்டும்வரை ஒன்றும் நகராது. அந்தக் கையோடுதான் இங்கே வந்தேன். முதல் நாள் ஒரு துண்டுப் பலகையை விட்டபோது பாதியில் சத்தம் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான், கை பாய்ந்து பலகையைப் பிடித்து இழுத்துவிட்டது. லிங்கம் மிஷினை அணைத்து, பலகையை எடுத்து, அந்த வாய்க்காலில் என் விரலையே பிடித்து ஓட்டிக் காட்டினான். "பாத்தீங்களா. நீங்க நிறுத்திப் பழகின ஆளு. இது விட்டுப் பழகணும்." மறுநாளும் பிடித்தேன். அதற்கு மறுநாளும். பலகையின் வால் உள்ளே போகும்வரை லேசாகத் தூக்கிக் கொடுத்து, பிறகு மிஷினைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய் வாங்க வேண்டும். அந்த நாலடி நடைக்கு என் கால் சம்மதிக்கவில்லை. ஒரு பொருளை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு முதுகைக் காட்டி நடப்பது.

பச்சைப் பொத்தான். அழுத்திவிட்டேன். கிண்ணங்களையும் மீறி ஓர் உறுமல் பல்லில் ஏறுகிறது. பலகையைத் தூக்கி முனையை வைக்கிறேன், பட்டை கவ்வுகிறது, போகிறது. வாசனை வருகிறது, துணியையும் தாண்டி, பலாப்பழமும் இல்லாமல் மரமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை. தூக்கிக் கொடுத்தேன், நடந்தேன், வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பாதிக் கையெழுத்துகள் போய்விட்டன, போன இடமெல்லாம் பளீரென்று மஞ்சள். இழுப்புகள் அங்கங்கே வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன, ஏ இல்லாத சுழி, சுழி இல்லாத வால். உருளையை இறக்குகிற சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் விட வேண்டும். திருப்பினேன். கண்ணாடிக்கு வெளியே, பாலிஷ் அறையின் திறந்த கதவு வழியே, என் மனைவி செண்பகத்தின் முதுகு தெரிகிறது. துணியில் பஞ்சைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாக ஒரு கதவைத் தேய்க்கிறாள். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரியும், காலையில் கேட்டதன் மிச்சமாக இருக்கும். "ஏ தாயி, அது வாசக்கதவு, ஒங்க வீட்டுக்காரரு முதுகு இல்ல, பைய தேயி" என்று லூர்து சொல்ல, அவள், "அவரு முதுகு இதவிடச் சொரசொரப்புல்லா அண்ணாச்சி" என்றாள். நான் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், நான் கோபித்துக்கொள்வேனோ என்று ஒரு கணம். நான் சிரித்தேன். அவள் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தோம். கம்பெனி கேட்டைப் பூட்டிய பிறகு நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை அவள் தம்பிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள், அவன் அன்றே ரயிலேறிவிட்டான். "சாரல் அடிக்கி அத்தான், அருவியில தண்ணி விழுது, வந்து தலையக் காட்டிட்டு வாங்க." தலையைக் காட்டினோம். பட்டறைக்கு மேல் இருந்த அறையில் படுத்தோம். பிறகு சென்னை வீட்டுச் சாமான்களை ஏற்ற லிங்கமே லாரி பேசினான். யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று இப்போது யோசித்தால் ஒரு முகமும் வரவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பட்டறையில் சும்மா வந்து உட்கார்ந்தேன், சும்மா ஒரு பலகையைப் பிடித்துக் கொடுத்தேன், சும்மா கற்றுக்கொள்ளுங்களேன் என்றான். ஒவ்வொன்றும் ஒரு காகிதக் கனம். ஆனால் செண்பகம், அவள் வேறு ஆளாகிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அம்பத்தூரில் இரண்டு அறைக்குள் பகலெல்லாம் தனியாக இருப்பாள், அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிக்க ஆளில்லை என்று சொல்லலாம் என்றால் நான் இருந்தேனே. இங்கே அவள் யாரும் சொல்லாமலே பாலிஷ் அறைக்குள் போனாள், பஞ்சை எடுத்தாள், கை சிவந்தது. ராத்திரி எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு போவதில்லை. அந்தக் கையால் சோறு போடுகிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன். இந்தச் சிரிப்பு இத்தனை வருடம் அவளுக்குள் எங்கே இருந்தது, நான்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேனா.

இரண்டாம் முறையும் வந்துவிட்டது. நடந்தேன், வாங்கினேன், கால் எப்போது பழகியது. இப்போது அங்கங்கேதான் பென்சில் நிற்கிறது, நடுவில் ஒரு சுழி, ஓரத்தில் இரண்டு புள்ளிகள். கால் சுற்று. சட்டைப்பையில் போன் அதிர்வதுபோல இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வது போன் இல்லை, மிஷினின் நடுக்கம்தான் என் நெஞ்சு வரை வருகிறது. தயாநிதி இன்னும் கூப்பிடவில்லை. சாயங்காலம்தான் கூப்பிடுவான். காலையில் மரக்கட்டைகளுக்குப் பின்னால் நின்று அவனோடு பேசினேன், கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரன். "ஏகாம்பரம், ஒரு மேஜை காலியா இருக்குடா. அம்பத்தூர்லயே சின்ன இடம்தான், பம்பு டெஸ்டிங்தான். உன்னைத்தான் சொல்லி வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு, இல்லாட்டி வேற ஆளைப் போட்டுருவாங்க." நான், செண்பகத்தைக் கேட்க வேண்டும் என்றேன். "கேளு. இல்ல, சொல்லு. எதையாச்சும் பண்ணு, மரம் மாதிரி நிக்காத." மரங்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன், அவனுக்கு அது தெரியாது. மேஜை. அதில் ஒரு பேனா இருக்கும். என்னை யாரும் அத்தான் என்று கூப்பிட மாட்டார்கள். அது போதுமா, அதற்காகவா. இங்கே எனக்கு என்ன குறை என்று யாராவது கேட்டால் என்னால் ஒன்றுகூடச் சொல்ல முடியாது. குறை இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள். படியேறும்போது முட்டுகிறது, கீழே இறங்கும்போது முட்டுகிறது, லிங்கம் மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைக்கும்போது முட்டுகிறது. நன்றி சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு ஆள்.

செண்பகத்திடம் சொல்லலாம். சொன்னால் சரி என்பாள். அதுதான் விஷயம், அவள் சரி என்பாள். வேண்டாம் என்றால் சண்டை போடலாம், அழுதால் சமாதானம் சொல்லலாம், அவளோ கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டு, எப்பங்க கிளம்பணும் என்று கேட்பாள். வந்து மறுபடியும் இரண்டு அறைக்குள் உட்காருவாள். நகக்கண்ணில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் மட்டும் போகிறேன், நீ இங்கேயே இரு என்று சொல்லலாமா. இந்த வயதில் புருஷன் ஓர் ஊரிலும் பெண்டாட்டி ஓர் ஊரிலும், லிங்கத்திடம் நாலு பேர் என்ன கேட்பார்கள். அதுவும் சாக்கு. அவளில்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அதைச் சொல்ல வெட்கம். மதியம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வரவழைக்கவில்லை, இலையில் விழுந்த தூசிபோல வந்து விழுந்தது. இந்தப் பலகை கெட்டால். அத்தான் பழகுகிற ஆள்தானே, கை தவறிவிட்டது, யார் குற்றம் சொல்வார்கள். ஆனால் வேறு பலகை இல்லை. புனலூர்க்காரரிடம் லிங்கம் தலைகுனிய வேண்டியிருக்கும். அப்போது அவனே சொல்வான், என்னிடமல்ல, அக்காவிடம், எக்கா, அத்தானுக்கு இந்த வேலை ஒத்துவரல, அவுக பழகின வேலையே பாக்கட்டும். அப்போது நான் தயாநிதி கூப்பிட்டதைச் சொல்லலாம். அப்போது கிளம்புவது யாருடைய ஆசையும் இல்லை, தானாக நடந்தது. நான் யாரையும் விட்டுப் போகவில்லை, என்னை விட்டுவிட்டார்கள். எவ்வளவு சுத்தமான யோசனை. மோரில் உப்பு குறைவாக இருந்தது. செண்பகம் கேட்டாள், உப்பு போதுமாங்க. போதும் என்றேன்.

மூன்றாம் முறை. இதுதான். முனையை வைத்தேன், பட்டை கவ்விவிட்டது. போகிறது. உருளைக்கு அடியில் நுழைந்தது. சுழி போகிறது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா பிடித்தால் போதும், இடுப்பை மேஜையில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் ஒரு மூச்சு நேரம். பலகை பாதி அந்தப் பக்கம், பாதி என் கையில். செய்ய மாட்டாய். உனக்கு எதையும் செய்யத் தெரியாது, நடந்த பிறகு கையெழுத்துப் போடத்தான் தெரியும். செய்வேன். குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினானே. தடவட்டும். செண்பகத்தின் தோள் அங்கே குலுங்குகிறது, வட்டம், வட்டம், வட்டம். என்னைப் பார்க்காதே. அவள் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவேயில்லை என்றா இது, சின்னப் பிள்ளையைப்போல, அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றா. பலகை நழுவுகிறது, இன்னும் ஒரு முழம்தான் இந்தப் பக்கம், இப்போது இல்லாவிட்டால் இல்லை. பிடித்தேன். பிடித்துவிட்டேன். பட்டை கையின் கீழே வெறுமையாக ஓடுகிறது, பலகை நிற்கிறது, உறுமல் கனத்துக் கீழே இறங்குகிறது, ஒரு பெரிய மிருகம் எதையோ கடித்துவிட்டதுபோல, அந்த அதிர்வு மணிக்கட்டில் ஏறி முழங்கையில் ஏறி, அப்போது கை விட்டுவிட்டது. நான் விடவில்லை. கை விட்டது. விட்டு, வாலை லேசாகத் தூக்கிக் கொடுத்தது, கால் சுற்றி நடந்தது, அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டது. எல்லாம் ஒழுங்காக, லிங்கம் சொல்லித்தந்தபடி. கெடுக்கவும் முடியவில்லை, கெடுக்காமலிருக்கவும் முடியவில்லை. பலகை என் இரண்டு கையிலும் சூடாக இருக்கிறது.

விரலை ஓட்டினேன். இருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரிகிறது, வாலுக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்காக ஒரு பள்ளம், ஆழமில்லை, ஆனால் ஊஞ்சலில் உட்காருகிறவர் கையை ஊன்றினால் அவர் விரலுக்கும் தெரியும். யாரோ மிஷினை அணைத்தார்கள். திரும்பினால் லிங்கம். கிண்ணங்களைக் கழற்றினேன், தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தம் ஒரேயடியாகக் காதுக்குள் கொட்டியது. "சத்தம் எறங்குச்சே அத்தான், முன்னால வரைக்கும் கேட்டுது. ரொம்ப வச்சிட்டீங்களோ?" சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். கால் சுற்று, சரியாக இருந்தது. இவ்வளவு குறைவாக வைத்தால் உருளை திணறாது என்று எனக்கே தெரியும். உள்ளங்கையைப் பலகையில் ஓட்டினான், பள்ளத்தில் கை நின்றது. பிறகு பலகையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தான். நான் அதை நினைக்கவில்லை. அடிப்பக்கம், பள்ளத்துக்கு நேர் கீழே, ரப்பர் பட்டை உரசிய கறுப்பு. போகிற பலகையில் அந்தக் கறுப்பு விழாது. ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றால்தான் விழும்.

அவன் அந்தக் கறுப்பில் கட்டைவிரலை ஓட்டினான். "பிடிச்சீங்களா?" என்றான். முதல் நாள்போலக் கை பாய்ந்துவிட்டது, பழக்கதோஷம், சத்தம் மாறியது, எத்தனையோ பதில்கள் வரிசையில் வந்து நின்றன, எல்லாவற்றுக்கும் நான் பாஸ் போட்டிருக்கலாம். "ஆமா" என்றேன். "அது தெரியுது. வேணும்னேவா?" சாரல் சத்தம். பாலிஷ் அறையில் லூர்து இருமினார். ஆமென்று தலையை ஆட்டினேன். லிங்கம் சிரிக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்க்கிறேன், மூக்கின் இரண்டு பக்கமும் செண்பகத்தைப்போலவே கோடுகள் விழுந்திருக்கின்றன, இவனுக்கும் வயதாகிவிட்டது. "காலைல கட்டைக்குப் பின்னால போன் பேசினீங்க. நான் கேக்கணும்னு கேக்கல, காதுல விழுந்துச்சு. ஒங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பலகையை மெதுவாக முக்காலிகளின் மேல் கிடத்தினான். "போறதுன்னா போங்கத்தான். யாரு ஒங்களக் கட்டியா வச்சிருக்கா. ஆனா அக்காட்ட நீங்க சொல்லுங்க, ஒங்க வாயால. இந்தப் பலகய வச்சு என்னையச் சொல்ல வைக்காதீங்க." பையிலிருந்து பென்சிலை எடுத்து என் கையில் வைத்தான். "பலகயில இன்னும் கனம் இருக்கு, குழி போயிரும். குழிக்குள்ள ஒரு கோடு போடுங்க. அது போற வரைக்கும் விடுங்க. எக்கா! ஏ எக்கா! இங்க வந்து அத்தானுக்கு அந்தப் பக்கம் பலகய வாங்கிக் குடு." சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டான். அவன் கதவைச் சாத்தினானா, அல்லது காற்றா.

பள்ளத்தின் நெடுக ஒரு கோடு போட்டேன். கோடு மட்டும். கை கையெழுத்துக்குப் போகவில்லை. செண்பகம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள், அந்தப் பக்கம் நின்றாள், மிஷினுக்கு மேலாக அவள் முகமும் கைகளும் தெரிகின்றன. ஏதோ கேட்டாள். நான் கிண்ணங்களை மாட்டிக்கொண்டுவிட்டேன், பச்சைப் பொத்தானையும் அழுத்திவிட்டேன். முனையை வைத்தேன். பலகை அவளை நோக்கிப் போகிறது. சிவந்த கைகள் அந்த முனையை ஏந்திக்கொள்கின்றன, யார் இவளுக்குச் சொல்லித்தந்தது, லேசாகத் தூக்கி, இழுக்காமல், அதன் வேகத்துக்கு. அவள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறாள், நான் சக்கரத்தைத் திருப்புகிறேன், மறுபடியும் விடுகிறேன். கோடு மெலிகிறது. இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை, கோடு இருக்கும்வரை மிஷின் ஓடும், மிஷின் ஓடும்வரை பேச முடியாது. இந்தக் கோடு போகாமலேயே இருந்தால் நாங்கள் இருவரும் இப்படியே நின்றுகொண்டிருக்கலாம், நான் கொடுக்க அவள் வாங்க, அவள் கொடுக்க நான் வாங்க, இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் ஒரே வேலையைச் சேர்ந்து செய்திருக்கிறோமா. என்ன சொல்லப்போகிறேன். எனக்குப் போக வேண்டும் என்றா, நீ வா என்றா, நீ இரு என்றா, பலகையைப் பிடித்தது நான்தான் என்றா. அவள் சரி என்று சொன்னால். அந்தச் சரியை நான் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சரின்னா என்ன செண்பகம், உனக்கு என்ன வேணும் என்று கேட்க வேண்டும். கேட்டதேயில்லை. கோடு ஒரு மயிரிழையாக, பிறகு இரண்டு இடத்தில் அறுந்து, பிறகு ஒரு புள்ளியாக. கால் சுற்றுகூட வேண்டாம், அதிலும் பாதி. முனையை வைத்தேன். போகிறது.

அவள் அந்தப் பக்கத்தில் பலகையை வாங்கி, குனிந்து பார்த்து, கன்னத்தை அதன் மேல் வைத்தாள். சிரிக்கிறாள். வாய் அசைகிறது. மிஷினை அணைத்தேன். உறுமல் இறங்கி இறங்கி நின்றது. கிண்ணங்களைக் கழற்றினேன், சாரல், பஸ், லூர்துவின் இருமல், எல்லாம் திரும்பி வந்தன. "இங்கேருங்க, ஒண்ணுமே இல்லாமப் போச்சு, தொட்டுப் பாருங்களேன்" என்றாள். கன்னத்தில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. மூக்குத் துணியைக் கீழே இழுத்தேன். சட்டைப்பையில் இந்தத் தடவை போன்தான் அதிர்ந்தது, மிஷின் இல்லை. எடுக்கவில்லை. "செண்பகம்" என்றேன். என் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. அவள் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத முகத்தோடு நிமிர்ந்தாள். உள்ளே போய்விட்டது. இனி நிறுத்தக் கூடாது.